நெற்றிவரை

ஹோமோரோட் பள்ளத்தாக்கில் இரண்டு மணிகள்.
மகன் தகப்பனோடு, மகள் தாயோடு:
கலப்பு மணத்துக்கு அங்கே அதுதான் கணக்கு.
ஒரு கோயிலின் கதவுமேல் 'கடவுள் ஒருவர்'.
மற்றதில்
அந்த ஒருவருக்கே மூன்று பெயர்.

ஒரே ஒரு முறை கேட்டான் ஷொம்போர்:
"மூன்று எப்படி ஒன்றாகும்?"
மாவு பிசைந்தபடி பிரோஷ்கா சொன்னாள்:
"உலகம் உண்டாகுமுன்
ஒற்றையாய் இருந்தவர்
யாரை நேசித்துக்கொண்டிருந்தார்?"
அவன் பூட்ஸைக் கழற்றினான்.
முப்பது வருடத்தில் மற்றச் சண்டையெல்லாம்
விறகுக்கும் பிளம் சாராயத்துக்கும்தான்.

இன்று அவன் குழிமேட்டில்
பழக்கத்தில் எழுந்தது அவள் கை.
பிதாவின் பெயரால்: நெற்றி.
இதுவரை அவனுக்கும் சம்மதம்.
அங்கேயே நின்றது.
முக்காட்டில் பனி.

பிறகு இறங்கியது.
மார்பைத் தொட்டதா?
மகன் குனிந்திருந்தான்.
மகள் பார்த்தாள், சொல்லவில்லை.