கடைசி இருநூறு யார்

காங்கேசன்துறையில் தண்டவாளம் முடிகிற இடத்துக்கும்
மனுவேற்பிள்ளையின் கடற்கரை ஓட்டலுக்கும் இடையே
இருநூறு யார் மணல்.

துரைமாரின் ட்ரங்குப் பெட்டிகள்
அந்த இருநூறு யாரில்தான் கனத்தன.
சப்பாத்துக்குள் மணல், வாயில் வசவு.

மனுவேற்பிள்ளை ரயில்வேக்கு எழுதினார்:
கோச்சியை என் வாசல்வரை விடுங்கோ,
காணி சும்மா தாறன்.
பதினொரு கடிதம்.
ஒன்றுக்குப் பதில் வந்தது,
அதுவும் முத்திரை போதாமல்
அவரே தண்டம் கட்டி எடுத்தது:
இயலாது.

பிறகு அவர் செத்தார். துரைமார் போனார்கள்.
பாண்ட் வாசித்த கூடத்தில்
யாரோ சீமெந்து மூட்டை அடுக்கினார்கள்.
தொண்ணூறில் கோச்சியும் நின்றது.

அளவுநாடாவோடு நேற்றுப் போனேன்,
களவுபோன இரும்பைக் கணக்கெடுக்க.
கூரை இல்லை.
மாடிப்படி ஒன்பதாம் படியோடு சரி.
கூடத்து நடுவில் ஒரு பங்கர்,
எந்தப் பக்கத்தார் கட்டியதென்று
சொல்ல ஆளில்லை.

குனிந்து நுழைந்தால்
தலைக்கு மேலே நெருக்கி அடுக்கிய தண்டவாளம்,
சுவருக்குச் சிலிப்பர் கட்டை.
இருபத்தேழு துண்டு எண்ணினேன்.
ஒன்றில் மட்டும்
வார்த்த ஆண்டு துருவுக்குள் தெரிந்தது.

வந்திட்டுது ஐயா, என்று
வாய்வரை வந்தது.
நண்டு ஒன்று குறுக்கே போனது.

படிவத்தில் 'தற்போதைய இருப்பிடம்' என்ற கட்டத்தில்
ஓட்டல், வாசல் தாண்டி உள்ளே
என்று எழுதிக் கையொப்பம் வைத்தேன்.