முதலைப் பண்ணைக்கு ஒரு போர்டு

ஃப்ளெக்ஸைக் குரங்குகள் கிழித்துவிடுகின்றன என்று
என்னைக் கூப்பிட்டார்கள் ஒகேனக்கலுக்கு.
எட்டடிக்கு நாலடி தகரம்,
எனாமல் நான்கு டப்பா,
வனவர் கையெழுத்தில் ஒரு காகிதம்:
அடிமரத்தில் 'ஆர்க்கோசார்' என்று எழுத வேண்டும்.
இரண்டு கிளை.
இடப்பக்கம் முதலை.
வலப்பக்கம் டைனோசர், அதன் நுனியில் பறவை.

எனக்குக் கைவந்த பறவை ஒன்றுதான்.
பென்னாகரம் சாலையில் ஏழு கறிக்கடைக்கு
நான் வரைந்து கொடுத்த கோழி,
சமையல்காரத் தொப்பி வைத்துக்கொண்டு
தன்னையே கூவி விற்பது.
தொப்பியை மட்டும் எடுத்துவிட்டேன்.
சிரிப்பு போகவில்லை.

டைனோசர் சுலபம்.
கோழிக்காலைப் பெரிதாக்கினேன்,
மேலே உடம்பு தானாக வந்து நின்றது.

முதலைக்கு மாதிரி பார்க்கத்தான்
தொட்டிக்குப் போனேன்.
வாயைத் திறந்தபடி கிடந்தது,
பேச வந்ததை மறந்துவிட்ட மாதிரி.
அரை மணி நேரத்தில் அது செய்த ஒரே வேலை
இமைக்குள் இன்னொரு இமையைக்
குறுக்கே இழுத்து மூடியது.
அந்த இமை கோழிக்கும் உண்டு.
கழுத்தில் கத்தி வைக்கும்போது
பார்த்திருக்கிறேன்.

பதினோரு மணிக்குத் தீனி வந்தது.
வாளி நிறையக் கோழிக் கழுத்து.
வாளியின் மேல் என் எழுத்து:
'நூருல்லா கறிக்கோழி',
'ல்லா'வின் சுழி நான் போட்டது.
தடாலென்று எழுந்து
அடங்கியது தண்ணீர்.

பங்காளி, என்று சொல்லிக்கொண்டேன்.
இருபத்தைந்து கோடி வருடத்துக்கு முன்
பாகம் பிரிந்தவர்கள்.
ஒருவனுக்கு ஆறு, ஒருவனுக்கு வானம்.
பத்திரம் கிடையாது, சாட்சி கிடையாது,
சர்வேயர் சங்கிலி பிடிக்கவில்லை.
பாப்பாரப்பட்டியில்
இரண்டு சென்ட்டுக்கும் ஒரு புளியமரத்துக்கும்
என் அண்ணனும் நானும்
பதினாலு வருடமாக
தருமபுரி கோர்ட்டில் வாய்தா வாங்குகிறோம்.
போன தடவை அவன் கண்ணாடி மாற்றியிருந்தான்.
அப்பா மாதிரியே இருந்தது.

அடிமரத்துக்கு ஒரு முகம் வரையட்டுமா என்றேன்.
"அதை யார் பார்த்தது?" என்றார் வனவர்,
"பேர் மட்டும் போடு."
போட்டேன், கறுப்பில்,
வெள்ளை நிழல் கொடுத்து.
தள்ளி நின்று பார்த்தால்
மரம் புளியமரமாக வந்திருந்தது,
எங்கள் மரம்தான், அந்தக் கோணல்கூட.
அழிக்க மனமில்லை.

பெயின்ட் காயும் முன்பே
ஒரு குரங்கு இறங்கி வந்து
'ஆ'வைத் தொட்டது,
விரலை முகர்ந்தது,
இதில் தனக்குப் பங்கில்லை என்பதுபோல்
கேட்டைத் தாண்டிப் போய்விட்டது.