விரிசல் பதிவேடு

மாதத்தின் முதல் செவ்வாய்.
டிராமின் கடைசி நிறுத்தத்தில் இறங்கி
கார் கழுவும் கொட்டகைக்குப் பின்னால் நடந்தால்
வார்சாவைக் காக்க ஒரு பேரரசு கட்டிய கோட்டை.
காக்க என்றா சொன்னேன்?
ஆற்றோரத்தில் அதே அரசு எழுப்பிய பெரிய கோட்டையில்
பீரங்கிகள் எங்கள் வீடுகளைப் பார்த்து நின்றன.
வெளியே இருந்து வருகிறவனுக்கு ஒரு வாய்,
உள்ளே இருக்கிறவனுக்கு ஒரு வாய்.

என் வேலை எளிது.
விரிசலுக்குக் குறுக்கே
விரல் நீளக் கண்ணாடித் துண்டை வைத்து
இரண்டு முனையிலும் சாந்து பூசுவேன்.
தேதி எழுதுவேன்.
அடுத்த மாதம் வந்து பார்ப்பேன்.
கண்ணாடி முழுதாக இருந்தால் சுவர் தூங்குகிறது.
உடைந்திருந்தால்
யாருக்கும் சொல்லாமல் எங்கோ கிளம்பிவிட்டது.

பெயர் கிடையாது இதற்கு, ஓர் எழுத்து மட்டும்.
கட்டி முடித்த ஈரம் காய்வதற்குள்
இதைத் துளைக்கும் குண்டை யாரோ செய்துவிட்டார்கள்.
உழிஞை சூடி ஒருவனும் வந்து வளைக்கவில்லை.
நொச்சி சூடி ஒருவனும் மதிலில் நிற்கவில்லை.
நின்றவர்கள் வோல்கா கரையிலிருந்து
பிடித்துக்கொண்டு வந்த பையன்கள்.
அவர்களில் எவனோ ஆணியால் கீறியிருக்கிறான்:
இன்னும் 411 நாள்
இன்னும் 410 நாள்

பிறகு, கட்டியவர்களே வெடி வைத்தார்கள்.
பாதிதான் விழுந்தது. அதற்குள் பணம் தீர்ந்துவிட்டது.
கோட்டை விட்டார்கள் என்ற சொல்லுக்கு
நான் பார்த்த ஒரே நேர்ப்பொருள் இதுதான்.

அடுத்து வந்த போருக்கு என் பதிவேட்டில் கட்டம் இல்லை.
தெற்குச் சுவரில், மார்பு உயரத்தில்,
செங்கற்கள் குழிந்திருக்கின்றன.
அவை விரிசல் அல்ல.
அங்கே நான் கண்ணாடி ஒட்டுவதில்லை.

அதற்கும் பிறகு முட்டைக்கோஸ்.
அரசாங்கக் காய்கறிக் கிடங்கு.
யட்விகா பத்தொன்பது குளிர்காலம் இங்கே
பீப்பாய்களை உருட்டியவள்.
இப்போது நாயோடு வருவாள்,
என் ஏணியைப் பிடித்துக்கொண்டு பேசுவாள்:
“வெடிமருந்துக்கென்று கட்டிய அறைகள்.
வெயில் தெரியாது, பனி தெரியாது.
உப்பில் போட்ட வெள்ளரி ஒன்றுகூடக் கெட்டதில்லை.
எந்தத் தளபதி கும்பிட்டாலும் கிடைக்காத அறை, போ!”
மழை நாளில் இன்னும் அந்தச் சுவர்
சதகுப்பை வாசம் அடிக்கிறது.
அதற்கும் கட்டம் இல்லை.

இன்று வடகிழக்கு மூலையில்
பதினான்காம் எண் கண்ணாடி இரண்டாகக் கிடந்தது.
டார்ச் அடித்துப் பார்த்தேன்.
மேலே, கூரை மண்ணில் தானாக முளைத்த பிர்ச் மரம்
என் சுண்டுவிரல் தடிமனுக்கு ஒரு வேரை
செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவே
இறக்கியிருக்கிறது.

காரணம்: என்று ஒரு கட்டம்.
‘முற்றுகை’ என்று எழுதினேன்.
அலுவலகத்தில் இருக்கும் வித்தோல்டுக்கு
வேடிக்கை பிடிக்காது.
அடித்துவிட்டு ‘வேர்’ என்றேன்.

புதுத் துண்டு வைக்கத் தூசி துடைத்தபோது
கீழே அந்த ஆணி எழுத்து மறுபடியும்.
வரிசை இங்கே வரை வந்திருக்கிறது.
இன்னும் 63 நாள்.
அதன்பின் வெறும் செங்கல்.
விடுப்பு கிடைத்ததோ,
காய்ச்சலோ,
ஆணிதான் தொலைந்ததோ.
எண்ணை மறைக்காமல்
ஓர் அங்குலம் தள்ளி ஒட்டினேன்.

சாந்து இறுக இரண்டு மணி நேரம்.
அகழிக்கரையில் செவெரின்
மடக்கு நாற்காலியில் தூண்டிலோடு இருந்தான்.
ஒரு கெண்டை சிக்கியது.
எடை பார்ப்பதுபோல் கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்து
தண்ணீரிலேயே விட்டுவிட்டான்.