நிலைச்சொத்து

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தது.
எண்ணெய் டேங்கர்கள், ஐம்பத்திரண்டு.
எண்ணச் சொல்லாததையும் எண்ணிவிடுகிற
வேலை எனக்கு.

பையில் படிவம். நான்காம் பகுதி, நிலைச்சொத்து:
வருஷத் தொடக்கத்தில் இருந்தது, நடுவில் சேர்ந்தது,
தேய்ந்தது, மிஞ்சியது.
வளர்கிற நாடு வருஷத்துக்கு எவ்வளவு ஊன்றுகிறதென்று
மாவு அரைத்து விற்கும் தேசம்மாளிடமும்
கேட்டாக வேண்டும்.

"இன்னா சார், லோனா?"
"இல்லம்மா, கணக்கு."
"அப்ப குந்து."

கிரைண்டர் இரண்டு.
பெரியது, மாதவரத்தில் ஓட்டலை மூடியவர் விற்றது,
இருபத்தெட்டாயிரம், தண்டல் பணம்.
எழுதப் போன கையை விதி பிடித்துக்கொண்டது:
பழையது கைமாறினால் அங்கே கழித்தல், இங்கே கூட்டல்,
நாட்டுக்குச் சுழி.
"உங்களுக்கு வந்துச்சு, நாட்டுக்கு வரல" என்றேன்.
"நாட்டுக்கு இன்னாத்துக்கு வரணும்?
வட்டி நாந்தானே கட்றேன்."

வீட்டுக்குள் இரண்டு படி இறங்கித்தான் வந்திருந்தேன்.
கட்டின புதிதில் மூன்று படி ஏறணுமாம்.
தார் போட்டார்கள். குழாய்க்குத் தோண்டி, மூடி,
அதன்மேல் தார்.
கேபிளுக்குத் தோண்டி, அதன்மேலும்.
பழசைச் சுரண்டாமல் போட்டுப் போட்டு
ரோடு ஐந்து தடவை உயர்ந்தது.
தேசம்மாள் வீட்டுத் தரை மூன்று தடவை.
"அவங்க ஒரு தபா போட்டா நானும் போடணும் சார்.
இல்லாங்காட்டி மழைத்தண்ணி
அரிசி மூட்டைல வந்து படுத்துக்கும்."

ரோட்டை எழுத வேறு ஆள், வேறு அலுவலகம்.
அங்கே ஒவ்வொரு பூச்சும் முதலீடு,
அறிக்கையில் மேலே போகிற கோடு.
இங்கே
ரப்பிஷ் நாலு வண்டி, சிமெண்ட் ஆறு மூட்டை,
கொத்தனார் கூலி, சித்தாள் கூலி, டீ.
"இது பழுதுபார்ப்பும்மா. செலவுல போகும், சொத்துல வராது."

தரை ஏறியதில் கூரை இறங்கிவிட்டது.
விசிறி எவர் கையையாவது வெட்டும் என்று
கழற்றி வைத்திருந்தார்கள்.
மோனிஷா பிளஸ் டூ, இன்னும் வளர்கிறாள்,
உட்கார்ந்துதான் தலை வாருகிறாள்.
புது டேபிள் ஃபேன் ஒன்று
மாவு வாளிப் பக்கம் தலையாட்டியது.
வீட்டு உபயோகம். அதுவும் வராது.

"அப்ப இன்னாதான் வரும்?"

சின்ன கிரைண்டர் வந்தது. புதுசு, பில்லோடு.
பதினாலாயிரத்து இருநூறு.
ரசீதை மஞ்சள் பையிலிருந்து எடுத்து
மடிப்பு நீவிக் காட்டினார்,
மார்க் ஷீட் காட்டுகிற மாதிரி.

மூலையில் செங்கல் அடுக்கு, அறுபது.
மேலே பூனை.
"இது?"
"அடுத்த ரோட்டுக்கு. அளந்துட்டுப் போய்ட்டாங்க."
கையிருப்பா?
முடியாத கட்டுமானமா?
இரண்டுக்கும் கட்டம் இருக்கிறது.
ஒன்றில் எழுதி, அடித்து, மற்றதில் எழுதினேன்.
மேலதிகாரி சிவப்பு மையில் வட்டம் போடுவார்,
போடட்டும்.

மாவு பாக்கெட் ஒன்று கொடுத்தார், வாங்கக் கூடாது,
முப்பது ரூபாய் கொடுத்து வாங்கிக்கொண்டேன்.

"பாத்துப் போ சார், நிலை இடிக்கும்."
இடித்துவிட்டிருந்தது.