ஒன்றுதான்

சைதாப்பேட்டைச் சந்தில் இம்தியாஸ் கடை.
கண்ணாடித் தொட்டிகளுக்கு நடுவே
ஒரு தயிர் டப்பாவில் தனியாகக் கிடந்தது.
"நண்டா?"
"நண்டு இல்லக்கா."
"எறாவா?"
"எறாவும் இல்ல. பளிங்குன்னு சொல்லிக் குடுத்தாங்க.
நூத்தம்பது ரூபா. ஜோடி வேணாம், தனியா இருக்கும்."

தனியா இருக்கும் என்றதற்காகவே வாங்கினேன்.

காட்பாடி ஜங்ஷனில் முன்பதிவு ஜன்னல் எனக்கு.
நாள் முழுக்கப் பிறர் பயணங்களை அச்சடித்துவிட்டு
இரவில் வந்து விளக்கைப் போட்டால்
அது மட்டும் கொடுக்கை உயர்த்தும்,
யார் நீ என்பதுபோல்.
வீட்டுக்கார அம்மா கேட்பதும் அதுவேதான், வேறு சொற்களில்.

முதல் முறை சட்டை உரித்தபோது
செத்துவிட்டதென்று அழப் பார்த்தேன்.
வெறுங்கூடு ஒரு மூலையில்.
மெத்தென்று, புதிதாய், கூச்சத்தோடு
அது இன்னொரு மூலையில்.
உரிப்பதற்கு முன்பே
பழைய ஓட்டின் சுண்ணாம்பை உறிஞ்சி
வயிற்றில் இரண்டு கல்லாய்
உருட்டி வைத்துக்கொள்ளுமாம்.
புது ஓட்டுக்கு அதுதான் முதல்.
மிச்சத்துக்குப் பழைய சட்டையையே தின்றுவிடும்.
மாற்றல் உத்தரவுகளில் வாழ்கிறவளுக்கு
இது புரியாதா?

ஐப்பசியில் வாலை மடித்துக்கொண்டு அசையாமல் இருந்தது.
மடிப்புக்குள் கேழ்வரகு கேழ்வரகாய் முட்டை.
எண்ணினேன். நூற்று எழுபதோடு விட்டுவிட்டேன்.
ஆண் இல்லை. எப்போதும் இருந்ததில்லை.
அத்தனையும் பெண், அத்தனையும் அவளே,
கார்பன் தாள் வைத்து எழுதினாற்போல்.
அன்று ராத்திரி தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.
தெருவையே எழுப்பிச் சொல்லலாம்போல இருந்தது.

பாலக்காட்டுக்கு மாற்றல் வந்தது.
குஞ்சுகளை இம்தியாஸ் வாங்கிக்கொண்டான்.
தாயை யாரும் கேட்கவில்லை.
செம்பேட்டுத் தாங்கலுக்குப் பக்கெட்டோடு போனேன்.
தண்ணீர் பட்டதும் பின்னோக்கி ஒரு துள்ளல்.
விடுதலை என்ற சொல்லை
அப்போது நான் நினைத்தது உண்மை.

*

நாலு வருஷம்.

வேலம்பாசியை வேரோடு வழித்தெடுத்த மாதிரி இருந்தது தாங்கல்.
தண்ணீர் செம்மண் குழம்பு.
ஆனி மழை கொட்டியும் தவளைச் சத்தமில்லை,
தலைப்பிரட்டைக்குக் கால் முளைக்க அவகாசமில்லை.
நத்தை ஓடுகள் காலி. அயிரை காணோம்.
கரையின் உள்சரிவெங்கும் இரண்டு விரல் நுழையும் பொந்துகள்.
கோடையில் தண்ணீர் இறங்கினால்
கூடவே இறங்கி, கடைசி ஈரத்தைப் பிடித்துக்கொண்டு
காத்திருக்குமாம்.
மதகுக்குப் பக்கத்தில் கசிவு.
மணல் மூட்டை அடுக்கியிருந்தார்கள்.

மீன் குத்தகை முனிரத்தினத்துக்கு.
வலையை உதறிக் காட்டினார்.
கண்ணி கண்ணியாக அறுந்திருந்தது,
அறுந்த இடமெல்லாம் என் பளிங்கு,
கொடுக்கைத் தூக்கிக்கொண்டு.

"கெண்டைக் குஞ்சு கடன் வாங்கி உட்டேன்மா.
இது துன்னது போக மீதிதான் எனுக்கு.
நாத்தங்கால்ல பூந்து குருத்த நறுக்குதாம்,
ஆயக்கட்டுக்காரன் என்னாண்ட சண்டைக்கு வரான்.
கிலோ நாப்பதுன்னாலும் ஒருத்தனும் தொடல.
கொக்குக்குத்தான் கொண்டாட்டம்.
எவன் கொண்டாந்து உட்டானோ, நல்லா இருப்பானா அவன்?"

எவனும் இல்லை என்றேன்.
நான்தான் என்றேன்.

பீடியை எடுத்தவர் பற்றவைக்காமல் பார்த்தார்.
"எத்தினி உட்ட?"
"ஒன்று."
"ஒண்ணா?"
"ஒன்றுதான்."

சிரித்துவிட்டார். பல நாள் கழித்துச் சிரிக்கிற சிரிப்பு.
"போம்மா. ஒண்ண உட்டா ஒண்ணுதான் இருக்கும்.
ஆம்பள இல்லாம இன்னா பண்ணும் அது?"

வலையிலிருந்து ஒன்றைப் பிடுங்கி, மல்லாத்தி,
அவர் உள்ளங்கையில் வைத்தேன்.
கேழ்வரகு.
இன்னொன்று. கேழ்வரகு.
இன்னொன்று.

நாலாவதை அவரே எடுத்துப் புரட்டினார்.