பதினோரு சாவிகள்

கப்பலில் வண்டியை ஏற்றமாட்டார்களாம்.
பணம் கட்டி ரசீது வாங்கின பிறகுதான்
பின்பக்கத்துப் பொடி எழுத்தை
உமையாள் வாசித்தாள்:
பெட்ரோல் உள்ள எதற்கும் அனுமதியில்லை.
மோட்டார் சைக்கிள் பேரணி
குறித்தபடி நடக்கும்.

எல்லாரும் சிரித்தார்கள். சிக்கந்தருக்குத்தான் கோபம்.
பரோட்டாக் கல்லை அணைத்து
நாலு நாள் கடைக்குப் பூட்டுப் போடுகிறவன்.
"குதிரை இல்லாமல் மாப்பிள்ளை ஊர்வலமா?" என்றான்.
பிறகு அவனும் போனான்.
முன்பணம் திரும்பாது.

ஆக, பதினோரு புல்லட்
கழனிவாசல் பட்டறையில், என் பொறுப்பில்.
சாவிகளை எவர்சில்வர் தூக்கில் போட்டு
கிரீஸ் டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன்.
ராயப்பன் டாக்டர், ஆடுமாடு பார்ப்பவர்,
பஸ் ஏறும் முன் திரும்ப வந்து
தன் வண்டியின் டேங்கைத் தட்டிக்கொடுத்தார்,
சினைப்பசுவைத் தட்டுகிற அதே கையால்.

சும்மா நிறுத்தினால் பேட்டரி படுத்துவிடும்.
காலையில் ஒவ்வொன்றாய் உதைப்பேன்.
மூன்றுக்கு சோக் வேண்டும்.
ஒன்றுக்குக் கெட்ட வார்த்தை.
உமையாளின் எண்பத்தாறாம் வருஷத்து வண்டிக்கு
ஆம்பியர் முள் நடுவில் வந்து நிற்கும்வரை
கிக்கரை மெல்ல இறக்கி இறக்கிப் பார்க்கணும்.
வந்ததும் ஒரே மிதி.
அவசரப்பட்டவன் முழங்காலை அது திருப்பி அடிக்கும்.
அவளிடம் இன்சூரன்ஸ் எடுக்காதவர்கள்
காரைக்குடியில் ஏன் குறைவு என்று
எனக்குத் தெரியும்.

இரண்டாம் நாள் ராத்திரி போட்டோ வந்தது.
மேல்தளத்தில், நீச்சல் குளத்தைச் சுற்றி,
ஹெல்மெட் மாட்டிக்கொண்டு
இரண்டிரண்டு பேராய் நடக்கிறார்கள்.
வேறு ஊர்க் கிளப்புகளும் சேர்ந்து முந்நூறு பேர் இருக்கும்.
சிக்கந்தர் இரண்டு கையையும் முன்னால் நீட்டி
இல்லாத ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கிறான்,
குளத்தின் திருப்பத்தில்
உடம்பைச் சரியான அளவு சாய்த்திருக்கிறான்.
சிரித்தேன்.
பிறகு அந்தச் சாய்வை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன்.

அப்புறம் வீடியோ கால்.
உமையாள் முகம், பறக்கிற முடி, பின்னால் இருட்டு.
"அடைக்கலம் அண்ணே, இங்கே சத்தமே இல்லை."
கடல் இரைவது எனக்கே கேட்டது.
அவள் அதைச் சொல்லவில்லை.

போனை ஆயில் டின்மேல் சாய்த்து வைத்தேன்.
முதல் வண்டி. இரண்டாவது.
ஐந்தாவது பிடித்தபோது
தகரக் கூரை தானாய்ப் பேச ஆரம்பித்தது.
ஏழாவதில் எதிர்வீட்டு விளக்கு.
ஒன்பதில் தெருநாய்கள் ஊருணிப் பக்கம் ஓடின.
கடைசியாய் அவளுடையது.
முள். நடு.
மிதி.

போனை எடுத்துச் சைலன்சருக்கு நேராய்ப் பிடித்தேன்.
விரல் வேகிற சூடு.
திரையில் அத்தனை பேரும் அசையாமல் நின்றார்கள்.
கேட்டுத்தான் அப்படி நிற்கிறார்கள் என்று
ஒரு நொடி பூரித்துப் போனேன்.
பிறகுதான் பார்த்தேன்,
உமையாளின் நெற்றியில்
சின்னதாய் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.
நெட்வொர்க் எப்போது போனதோ.
முதல் வண்டியிலேயே போயிருக்கலாம்.

நிறுத்தவில்லை நான்.
எதிர்வீட்டு வைரவன் வாத்தியார்
லுங்கியோடு வந்து நின்றார், கையில் சிவப்புப் பேனா.
வாய் அசைந்தது, வார்த்தை வரவில்லை.
"கப்பலுக்கு!" என்று கத்தினேன்.
"எதுக்கு?"
"கப்பலுக்கு!"
ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் பேப்பர் மீதி இருக்கிறதாம்,
பத்து நிமிஷம் என்று விரல் காட்டினார்.
பத்து நிமிஷமும் அங்கேயே நின்றார்.

ஒவ்வொன்றாய் அணைத்தேன்.
கடைசி வண்டி அடங்கினபின்னும்
கூரை கொஞ்ச நேரம் அடங்கவில்லை.

விடியற்காலையில் ஒரு செய்தி,
சிக்கந்தரிடமிருந்து:
"அண்ணே, மூணாவதா ஸ்டார்ட் பண்ணது என் வண்டிதானே?
டேப்பட் சத்தம் வருது.
பார்த்து வை."

தூக்கைத் திறந்தேன்.