முட்டுக்கம்பு வாடகை

சிம்மக்கல்லில் லேத் பட்டறைக்கு மேல்மாடி.
ஸ்போக்கன் இங்கிலீஷ், மாலை ஆறரை டு எட்டு.
ஜெபக்கனி மிஸ் போர்டில் எழுதினார்:
ஹோல்ட் அப்.
ஹோல்ட் என்றால் பிடி, அப் என்றால் மேலே,
இரண்டும் சேர்ந்தால் தாங்கு.
தாமதப்படுத்து என்றும் வரும்,
கத்தி காட்டிப் பறி என்றும் வரும்.
இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

கீழே லேத் ஓட
பெஞ்சும் என் தொடையும் அதிர்ந்துகொண்டிருந்தன.

எனக்கு அவனியாபுரத்தில்
சென்ட்ரிங் சாமான் வாடகைக்கு விடும் தொழில்.
சவுக்குக் கம்பு ஐந்நூற்றுச் சொச்சம், தகரம், பலகை,
ஆப்பு ஒரு சாக்கு.
கம்புக்கு நாளுக்கு இரண்டு ரூபாய்.
முட்டுக் கொடுக்காதே என்று
டீக்கடையில் கட்சிக்காரனைத் திட்டும்போதெல்லாம்
நான் நோட்டைப் புரட்டுவேன்,
யார் வீட்டில் எத்தனை நிற்கிறது என்று.

வலையங்குளத்தில் பத்தொன்பது நின்றது.
எட்டு மாதம்.
இருபத்தொரு நாளில் எடுக்க வேண்டியவை.

வெள்ளத்தாய்க்கு முக்கால் ஏக்கர் மல்லி.
பூ விலை கிலோ நூற்றைம்பதுக்கு விழுந்த வாரம்
தளம் போட்டார்கள்.
மறுவாரம் பூச்சு வேலைக்கென்று
முன்பணம் வாங்கிப்போன கொத்தனாரின் போன்
இன்றுவரை சுவிட்ச் ஆஃப்.

வாடகையை விடு தாயி, கொஞ்சங் கொஞ்சமா குடுத்துர்றேன்,
கம்ப மட்டும் எடுத்துராத.
எத்தன மூட்டை சிமெண்டு போட்டான்னு
எனக்கென்ன தெரியும்?

ஒரு கம்பிலிருந்து இன்னொன்றுக்குக் கொடி கட்டியிருந்தாள்.
ஈரப் பாவாடை, பூக்கூடை, ரேஷன் பை.
நடுக்கம்பில் குளவி மண்கூடு வைத்திருந்தது.
சவுக்கந்தோப்புக்குள் குடியிருப்பவள்போல
ஒருக்களித்தே நடந்தாள் தன் வீட்டில்.

சுத்தியலால் தளத்தைத் தட்டினேன்.
கணீரென்றுதான் கேட்டது.
ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் மந்தம்.
சொல்லவில்லை.

மொக்கராசுவிடம் நடுவிலிருந்து பிரிக்கச் சொல்லிவிட்டு
கவிழ்த்த சட்டியைப் போட்டு
தளத்துக்கு நேர் கீழே உட்கார்ந்து
நோட்டைத் திறந்துகொண்டேன்.
எந்திரிக்கா, என்றான் அவன்.
ஆப்பைத் தட்டுடா, என்றேன்.
வெள்ளத்தாய் வாசலுக்கு வெளியே
முந்தானையை வாயில் வைத்து நின்றாள்.

ஒன்று. இரண்டு. ஐந்து.
ஒவ்வொரு ஆப்பும் தெறித்து உருளும்போது
கம்பு தன் எடையை ஞாபகம் வந்ததுபோல
அவன் தோளில் சாய்ந்தது.
என் கழுத்தில் மணல் விழுந்தது.
மணல்தான்.
பதினொன்றாவதில் என் கை எழுத்து கோணியிருக்கிறது,
இப்போது பார்த்தாலும் தெரியும்.

பதினெட்டு முடிந்ததும்
வீடு அகலமாகிவிட்டது.
வெள்ளத்தாய் உள்ளே வந்து நடுவில் நின்று
நேராக நாலு எட்டு வைத்தாள்,
திரும்பி நாலு எட்டு.
பிறகு அடுப்படி மூலைக் கம்பைப் பிடித்துக்கொண்டு
இது ஒண்ணு இருக்கட்டுமே, என்றாள்.

மந்தமாகக் கேட்ட மூலை அதுவல்ல.
மொக்கராசு அதன் ஆப்பையும் உருவி
வெறும் செங்கல் மேல் நிறுத்தினான்.
கம்புத் தலைக்கும் தளத்துக்கும் நடுவே
ரெண்டு விரல் போகும்.
அவளும் அண்ணாந்து பார்த்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.

வண்டி பெருங்குடி தாண்டியபின்
பதினெட்டு வரவு என்று எழுதினேன்.
மீதி ஒன்றை எந்தப் பத்தியில் ஏற்றுவது?

வியாழக்கிழமை மிஸ் வாக்கியம் கேட்டார்.
எழுந்து சொன்னேன்:
ஒன் போல் ஈஸ் ஹோல்டிங் அப் நத்திங்.

வகுப்பு சிரித்தது.
கிராமர் சரி, என்றார் மிஸ், பொருள் இடிக்கிறது.
ஒன்றையும் தாங்காததற்கு இந்த வினை எதற்கு?
நத்திங்கை அடித்துவிட்டு
அங்கே ஒரு பொருளை எழுது.

அடித்துவிட்டேன்.
லேத் ஓடிக்கொண்டிருந்தது.
பேனாவைத் திறந்து வைத்தபடி
எட்டு மணி பெல் வரை
அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
ரெண்டு விரல் போகும்.